அட்டைக் கடனும் சிறை அச்சமும்: தண்டனை எங்கே நடக்கிறது?

1. கேள்வி

கடன் அட்டைப் பாக்கியை மூன்று நான்கு மாதம் கட்டாமல் விட்டவர்களுக்கு வரும் கடிதங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று தெரியும். மேலே ஒரு வழக்கறிஞரின் பெயரும் முகவரியும். கீழே சட்டப் பிரிவுகளின் வரிசை. நடுவில் தடித்த எழுத்தில் ‘கைது’, ‘ஜப்தி’ என்னும் இரண்டு சொற்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதற்குப் பிறகு நின்றுபோன தவணைக்கும் பழைய 420ஆம் பிரிவையே சுட்டும் கடிதங்கள் உண்டு. எழுதுபவருக்குப் பிரிவு எண் முக்கியமல்ல. படிப்பவரின் வயிற்றில் புளியைக் கரைத்தால் போதும்.

இந்தக் கடனைப் பற்றி மக்களிடையே இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. கட்டாவிட்டால் போலீஸ் வந்து பிடித்துப் போகும் என்பது ஒன்று. அடமானம் இல்லாத கடன்தானே, வங்கியால் ஒன்றும் செய்ய முடியாது என்பது மற்றொன்று. முதலாவதை வசூல்காரர்கள் வளர்க்கிறார்கள். இரண்டாவதை, கடனைப் பேசி முடித்துத் தருவதாகக் கட்டணம் வாங்கும் இடைத்தரகர்கள் வளர்க்கிறார்கள். இரண்டுமே தவறு. ஆனால் எந்த அளவுக்குத் தவறு என்பதைச் சட்டத்தின் சொற்களை வைத்தே அளக்க வேண்டியிருக்கிறது.

1980இல் சென்ட்ரல் வங்கி இந்த நாட்டில் முதல் கடன் அட்டையை வெளியிட்டபோது அது வசதி படைத்தவர்களின் பொருள். 2024 தொடக்கத்தில் புழக்கத்திலிருந்த அட்டைகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. மாதச் சம்பளக்காரரும் சிறு கடைக்காரரும் அட்டை வைத்திருக்கும் காலத்தில், கட்டத் தவறினால் என்ன ஆகும் என்பது பொது வாழ்க்கையின் கேள்வி. இக்கட்டுரை இந்தியச் சட்டத்தையும், தனிநபர் பெற்ற அட்டைக் கடனையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. சட்டத்தின் ஏடுகள் வக்கற்ற கடனாளியிடம் பெருமளவு இரக்கத்தோடுதான் எழுதப்பட்டிருக்கின்றன. தண்டனை நடப்பது நீதிமன்றத்துக்கு வெளியே, அதுவும் வழக்கு தொடங்குவதற்கு முன்பே, என்பது இதன் வாதம்.

2. வட்டத்திலிருந்து சிறைக்கு

கடனாளியின் உடலைப் பிடித்துவைப்பது வெள்ளையர் கொண்டுவந்த வழக்கம் அல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையில் தங்கிய மார்க்கோ போலோ, ‘மாபார்’ என்று தான் குறிப்பிடும் அந்த நாட்டின் வழக்கம் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். பலமுறை கேட்டும் கடனைத் திருப்பாதவனைச் சுற்றிக் கடன் கொடுத்தவன் தரையில் ஒரு வட்டம் கீறிவிட்டால், பணத்தைக் கொடுத்தோ பிணை சொல்லியோ அன்றி அவன் அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கடும் தண்டனை. வெளிநாட்டு வணிகர் ஒருவருக்குப் பாக்கி வைத்திருந்த அரசனையே, குதிரைமேல் இருந்தபடியே வட்டத்துக்குள் நிறுத்தியதைத் தாம் கண்டதாகவும், வணிகருக்குப் பணம் வந்து சேரும்வரை அரசன் அசையவில்லை என்றும் எழுதுகிறார். மார்க்கோ போலோ சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்கத் தேவையில்லை. என்றாலும் இந்த வழக்கத்தில் கவனிக்க ஒன்று உண்டு: இருப்பவனா இல்லாதவனா என்று வட்டம் கேட்பதில்லை.

ஆங்கிலேயர் காலத்து உரிமையியல் விசாரணை முறைச் சட்டமும் தொடக்கத்தில் அதே மனப்போக்கில்தான் இருந்தது. பணத்துக்கான தீர்ப்பாணை பெற்றவர், கடனாளியைச் சிறையில் அடைக்கக் கோரலாம். இதில் பெரிய திருப்பம் 1936இல் வந்தது. 51ஆம் பிரிவில் அந்த ஆண்டு சேர்க்கப்பட்ட வரம்புரை, கடனாளிக்கு விளக்கம் தர வாய்ப்பளித்து, குறிப்பிட்ட காரணம் ஒன்று இருப்பதாக நீதிமன்றம் எழுத்தில் பதிந்தாலன்றிச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்றது. ஓடி ஒளியவோ நீதிமன்ற எல்லையை விட்டுப் போகவோ முனைவது, வழக்கு தொடங்கிய பின் சொத்தை நேர்மையின்றிக் கைமாற்றுவது, தீர்ப்பாணைக்குப் பின் கட்டும் வசதி இருந்தும் மறுப்பது, நம்பிக்கைப் பொறுப்பில் கையாண்ட பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவராக இருப்பது ஆகியவைதான் அந்தக் காரணங்கள்.

‘வசதி இருந்தும்’ என்ற சொற்களுக்கு முழு ஆழத்தைத் தந்தவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பேங்க் ஆஃப் கொச்சின் வழக்கில் 1980 பிப்ரவரி 4 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவருடையது. ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற முடியாமற்போனதற்காக மட்டும் எவரையும் சிறையிலடைக்கக் கூடாது என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் 11ஆம் உறுப்பையும், அரசமைப்பின் 21ஆம் உறுப்பையும் அவர் 51ஆம் பிரிவோடு சேர்த்துப் படித்தார். ஒரு காலத்தில் கையில் பணம் இருந்தது என்பதோ, கடன் நிற்கிறது என்பதோ மட்டும் போதாது. இப்போது கட்டும் வசதி இருக்க வேண்டும், கட்டாமல் இருப்பதில் ஏதேனும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். வறுமையைக் குற்றமாக்கக் கூடாது என்று அவர் நின்ற இடத்திலிருந்து நீதிமன்றங்கள் இதுவரை பின்வாங்கவில்லை.

விதிகளின் நுணுக்கங்களும் இதே திசையில்தான் இருக்கின்றன. 58ஆம் பிரிவின்படி 2,000 ரூபாய் வரையிலான தீர்ப்பாணைக்குச் சிறையே இல்லை. 5,000 வரை ஆறு வாரம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய தொகையானாலும் அதிகபட்சம் மூன்று மாதம். பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்கிறது 56ஆம் பிரிவு. சூரியன் மறைந்த பின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. சிறையில் இருப்பவரின் சாப்பாட்டுப் படியைக் கடன் கொடுத்தவரே கட்ட வேண்டும். கட்டத் தவறினால் விடுதலை. சிறை சென்று வந்ததால் கடன் தீராது என்றாலும், அதே தீர்ப்பாணைக்காக மறுபடி கைது செய்ய முடியாது. தன் கையிலிருந்து படி கட்டி, தீர்ப்பாணைக்குப் பின் பல வாய்தா அலைந்து, வசதி இருக்கிறது என்று மெய்ப்பித்து ஒருவரை மூன்று மாதம் உள்ளே வைப்பதில் வங்கிக்கு லாபம் ஏதுமில்லை. அட்டைக் கடனில் இந்த வழி அரிதாகவே தேடப்படுவதற்குக் கருணை காரணமல்ல, கணக்கே காரணம்.

3. குற்றவியல் வாசல்கள்

கடன் குற்றமல்ல. ஆனால் கடனைக் கட்டுவதற்குக் கொடுத்த கருவி குற்றத்துக்கு வழி திறக்கலாம். பொதுப் பேச்சில் பெரிதும் தவறவிடப்படும் இடம் இதுதான்.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு, கணக்கில் பணமின்றித் திரும்பும் காசோலையைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. 1988இல் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவின் சிறைத் தண்டனை 2002 திருத்தத்தில் இரண்டு ஆண்டுவரை உயர்ந்தது. அபராதம் காசோலைத் தொகையின் இரு மடங்குவரை. மின்னணுப் பற்றுக்கு இதே தண்டனையைப் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம், 2007 தன் 25ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளக் கொடுத்த ஆணை, கணக்கில் இருப்பு இல்லாமல் திரும்பினால் அதற்கும் வழக்கு உண்டு.

அட்டை வாங்கும்போது யாரும் காசோலை தருவதில்லை. அது வருவது பிறகு. மூன்று தவணையில் முடித்துவிடலாம் என்று வசூல் முகவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசும்போது, பின்தேதியிட்ட மூன்று காசோலைகள் கேட்கப்படுகின்றன. அதுவரை வெறும் உரிமையியல் பாக்கியாக இருந்தது, அந்தக் கையெழுத்துகளோடு குற்றவியல் நீதிமன்றத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறது. காசோலை திரும்பினால் 30 நாளுக்குள் அறிவிப்பு, பணம் கட்ட 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார் என்பது காலக்கணக்கு. 2018 முதல், குற்றத்தை மறுத்து வழக்காடுபவருக்கு எதிராக 20 சதவீதம்வரை இடைக்கால இழப்பீடு வழங்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கட்ட முடியும் என்ற உறுதி இல்லாதவர் காசோலை எழுதித் தருவதைவிட, முடியாது என்று எழுத்தில் சொல்வது சட்டப்படி பாதுகாப்பானது.

மோசடி என்னும் குற்றச்சாட்டு வேறு வகை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவாக இருந்தாலும் பழைய 420 ஆக இருந்தாலும், ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தாக வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் (2000) தெளிவுபடுத்தியது. போலிச் சம்பளச் சீட்டு, பிறர் அடையாள ஆவணம் ஆகியவற்றைக் காட்டி அட்டை வாங்கியவர் இந்தப் பிரிவுக்குள் வருவார். வேலை போனதால் கட்ட முடியாதவர் வரமாட்டார். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற இந்தியன் ஆயில் எதிர் என்.ஈ.பி.சி. இந்தியா வழக்கில் (2006), உரிமையியல் தகராறுகளுக்குக் குற்றவியல் சாயம் பூசி நெருக்கடி கொடுக்கும் போக்கை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஆனாலும் காவல் நிலையத்திலிருந்து பேசுவதாகச் சொல்லும் தொலைபேசி அழைப்பு நின்றபாடில்லை.

4. வழக்கு என்று வந்தால்

வங்கியின் நேர் வழி பண வழக்கு. வீட்டுக் கடனில் நீதிமன்றம் போகாமலே சொத்தைக் கைப்பற்ற உதவும் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம் இங்கே உதவாது. அட்டைக் கடனுக்கு ஈடு ஏதும் இல்லை. கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 20 லட்சம் ரூபாயாவது பாக்கி வேண்டும். ஆகவே பெரும்பாலான பாக்கிகள் சாதாரண உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் வந்தாக வேண்டும். வங்கிகள் சில சமயம் விசாரணை முறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளையின் கீழ்ச் சுருக்க வழக்குப் போடுகின்றன. அதில் சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் முன்னிலையாக வேண்டும். வாதாட அனுமதியும் தனியே கேட்க வேண்டும். ‘கோர்ட்டுக்குப் போனால் பிடித்துக்கொள்வார்கள்’ என்று பயந்து போகாமலிருப்பவர்தான் இங்கே மிகுதியாக இழக்கிறார். வங்கி காட்டும் வட்டியும் தண்டக் கட்டணமும் கேள்வியின்றி ஏற்கப்பட்டு, ஒருதலைத் தீர்ப்பாணை ஆகிவிடுகிறது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு உயிர் உண்டு.

வங்கி வழக்குப் போடக் காலவரம்பு மூன்று ஆண்டு. இந்த ஓட்டத்தைப் புதிதாகத் தொடங்கவைக்கும் வழிகளையும் காலவரம்புச் சட்டமே சொல்கிறது: காலம் முடியும் முன் கடனை எழுத்தில் ஒப்புக்கொள்வது (பிரிவு 18), ஒரு பகுதியைக் கட்டி அதற்கு எழுத்துச் சான்று இருப்பது (பிரிவு 19). காலம் கடந்துவிட்டாலும், கட்டுகிறேன் என்று கையெழுத்திட்டு எழுதித் தந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அந்த வாக்குறுதிக்கு உயிர் தருகிறது. ‘ஐந்நூறு ரூபாயாவது போடுங்கள் சார், கணக்கு உயிரோடு இருக்கும்’ என்று முகவர் கெஞ்சுவதில் அவர் அறிந்தோ அறியாமலோ ஒரு சட்டப் பொருளும் இருக்கிறது.

தீர்ப்பாணையின் பின் வருவது அமீனாவும் ஜப்தியும். ஜப்தி என்றதும் வீட்டுச் சாமான்களைத் தெருவில் எடுத்துப் போடும் காட்சியைத்தான் நம் சினிமா கற்பித்திருக்கிறது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அப்படி எழுதப்படவில்லை. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத அணி, கைவினைஞரின் கருவி, உழவர் குடியிருக்கும் வீடு, வருங்கால வைப்பு நிதி, அரசு ஓய்வூதியம் ஆகிய எதிலும் கைவைக்க முடியாது. தாலியைத் தொடக் கூடாது என்பதைச் சட்டமே சொல்கிறது என்பது, நகையைக் கேட்டு மிரட்டப்படும் பல வீடுகளுக்குத் தெரியாது.

சம்பளத்துக்கும் கணக்கு உண்டு. முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு. மாதம் 31,000 ரூபாய் வாங்குபவரிடமிருந்து அதிகபட்சம் 10,000 ரூபாயைப் பிடிக்கலாம். 24 மாதம் பிடித்த பிறகு அதே தீர்ப்பாணைக்காகச் சம்பளத்தில் மேலும் பிடிக்க முடியாது. விலக்குப் பட்டியலில் வராத வீடு, மனை, வங்கி இருப்பு, வண்டி ஆகியவை ஜப்திக்கு உட்பட்டவை. ‘வங்கியால் ஒன்றும் செய்ய முடியாது’ என்ற இரண்டாவது நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. கடனாளி இறந்துபோனால் வாரிசுகளின் பொறுப்பு, அவர்கள் கைக்கு வந்த சொத்தின் மதிப்போடு நிற்கும். மனைவி என்பதற்காக மனைவியோ, மகன் என்பதற்காக மகனோ சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை.

வழக்குக்கு மாற்றாக இரண்டு மேடைகள் பயன்படுகின்றன. மக்கள் நீதிமன்றம் முதலாவது. வழக்குப் போடும் முன்பே அங்கிருந்து அழைப்பு வரலாம். அது சமரசத்துக்கான அழைப்பு. போகாவிட்டால் கைது இல்லை. சமரசம் ஏற்படாவிட்டால் தீர்ப்பும் இல்லை. ஆனால் அங்கே கையெழுத்திட்டால் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. மற்றொன்று நடுவர் தீர்ப்பு. மதுரைக்காரருக்கு மும்பையிலோ டெல்லியிலோ உட்கார்ந்திருக்கும் நடுவரிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. அந்த நடுவரை நியமித்ததும் வங்கியே. இப்படி ஒரு தரப்பு தன்னிச்சையாக நடுவரை நியமிப்பதை உச்ச நீதிமன்றம் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் (2019) ஏற்கவில்லை; 2024 நவம்பரில் அரசமைப்பு அமர்வும் தரப்பினருக்குச் சமநிலை வேண்டும் என்று வற்புறுத்தியது. ஆனால் எதிர்க்காமல் விட்டால் அந்த நடுவரின் தீர்ப்பும் நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றத் தக்கது. எதிர்க்க மூன்று மாதம் அவகாசம், போதிய காரணம் காட்டினால் மேலும் 30 நாள்.

5. ரூபாய்க்கு எத்தனை வட்டி?

சட்டத்தின் கை நீளுமுன் வட்டியின் கை நீண்டுவிடுகிறது. ஒரு கணக்கு. பாக்கி 50,000 ரூபாய். மாத வட்டி 3.5 சதவீதம். குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம். புதிதாக ஒரு பைசாகூடச் செலவழிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 1,750 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 315 ரூபாய், மொத்தம் 2,065. கடனாளி ஒழுங்காகக் கட்டும் குறைந்தபட்சத் தொகை 2,500. அசலில் கழிவது 435 ரூபாய். நம் ஊர் வழக்கில் சொன்னால் இது மூன்றரை வட்டி. வரியோடு நாலு ரூபாயைத் தாண்டிவிடும். தெருமுனையில் கைமாற்றுக் கொடுப்பவர் நாலு வட்டி கேட்டால் அநியாயம் என்போம்.

அந்தத் தெருமுனைக்காரரைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று புழக்கத்துப் பெயர்களையே சட்டத்துக்குள் எழுதி, அரசு நிர்ணயித்த அளவுக்கு மேல் வாங்குவதற்கு மூன்று ஆண்டுவரை சிறை வைத்தார்கள். வங்கியின் வட்டி அந்த அளவுகோலுக்குள் வராது. வட்டி மிகை என்ற காரணத்துக்காக வங்கிக் கடன் கணக்கை நீதிமன்றம் மறுபடி திறக்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1984இல் சேர்ந்த 21-ஏ பிரிவு தடுக்கிறது.

இந்தச் சுவரை ஒருமுறை இடித்துப் பார்த்தார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில், அட்டைப் பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. பதினாறு ஆண்டுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 20 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டியை வரையறுப்பது ரிசர்வ் வங்கியின் கொள்கை வெளி. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்பது அதன் காரணம். சட்ட அடிப்படையில் இதில் குறை காண்பது கடினம். ஆனால் ‘ஒப்புக்கொண்ட ஒப்பந்தம்’ என்பது வணிக வளாக நுழைவாயிலில் மேசை போட்டிருக்கும் இளைஞர் விரல் காட்டிய இடங்களில் இட்ட கையெழுத்து என்பதை எந்த நீதிபதியும் கடைக்குப் போன வழியில் பார்த்திருப்பார்.

ரிசர்வ் வங்கி முற்றிலும் கைகட்டி நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் வெளியிட்ட நெறிகளில், கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது, தாமதக் கட்டணம் நிலுவையாக நிற்கும் தொகைக்கு மட்டுமே, கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேலானால்தான் அதை வசூலிக்கலாம் என்று விதித்தது. இந்த மூன்றையும் மாத அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போகும் கடனாளிகள் மிகக் குறைவு.

6. நீதிமன்றம் காணாத தண்டனைகள்

சம்பளக் கணக்கும் அட்டையும் ஒரே வங்கியில் இருந்தால், பாக்கியைக் கணக்கிலிருந்து நேரே ஈடுசெய்துகொள்ளும் உரிமையை வங்கி ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கும். 60ஆம் பிரிவு காப்பாற்றும் மூன்றில் இரண்டு பங்கு சம்பளம், வங்கிக் கணக்கில் விழுந்த மறுநாளே மொத்தமாகக் காணாமற்போகலாம். நீதிமன்றம் எடுக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் சொன்ன பணத்தை, ஒப்பந்தத்தின் ஒரு வரி எடுத்துக்கொள்கிறது. இந்த முரண்பாட்டைச் சட்டமியற்றுவோர் இன்னும் நேர்கொண்டு பார்க்கவில்லை.

அடுத்தது வசூல் முகவர். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. குடும்பத்தார், நண்பர், பரிந்துரையாளர் ஆகியோரிடம் மூக்கை நுழைக்கக் கூடாது. பொதுவில் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்டு 12 சுற்றறிக்கை தெளிவாகவே சொல்கிறது. குண்டர்களைக் கொண்டு கடன் வசூலிப்பதை உச்ச நீதிமன்றம் பிரகாஷ் கவுர் வழக்கில் (2007) கண்டித்தது. முகவர் செய்ததற்கு வங்கியே பொறுப்பு. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், மாமியார் வீட்டுக்கும் அலுவலக மேலாளருக்கும் அழைப்புப் போகிறது. காரணம் எளிது: நீதிமன்றத்தில் நிற்க வங்கிக்கு ஆண்டுகள் ஆகும், மாமியாரிடம் பேச இரண்டு நிமிடம். மானம் என்பது கடனாளியின் விலக்குப் பட்டியலில் இல்லாத சொத்து.

இதற்கு மருந்து கசப்பானதும் மெதுவானதும். அழைப்பு விவரங்களைக் குறித்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். மிரட்டல் என்றால் காவல் நிலையம். இங்கே புகார் கொடுப்பவர் கடனாளிதான் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

நீண்ட காலம் நிற்கும் தண்டனை கடன் வரலாற்றில் விழும் கறை. கடன் தகவல் நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சிபில் போன்றவை, 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகின்றன. பாதிக்குப் பேசி முடித்தால் ‘தீர்வு செய்யப்பட்டது’ என்று பதிவாகும். அது ‘முழுதும் அடைக்கப்பட்டது’ என்பதற்குச் சமமாகக் கருதப்படுவதில்லை. ‘செட்டில்மென்ட்’ பேசும்போது முகவர் இதைச் சொல்வதில்லை. இந்தக் கறை அடுத்த கடனோடு நிற்பதில்லை. பொதுத் துறை வங்கி ஒன்றின் அதிகாரிப் பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், பழைய கடன் வரலாறு சரியில்லை என்று ரத்தானது. அந்த முடிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் உறுதி செய்தது. பொதுப் பணத்தைக் கையாள்பவரிடம் நிதி ஒழுக்கம் வேண்டும் என்பது வாதம். ஆள் தேர்வு அறிவிக்கையிலேயே இந்த நிபந்தனை இருந்ததால் சட்டப்படி முடிவு சரியாக இருக்கலாம். ஆயினும் கடன் கட்ட முடியாமற்போனதற்குத் தண்டனையாக, கடன் கட்டுவதற்கான வழியான வேலையையே மறுப்பது எந்த வகை நியாயம் என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடாது. கிருஷ்ணய்யர் சிறையைப் பற்றிக் கேட்ட கேள்வி இப்போது மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கப்பட வேண்டியிருக்கிறது.

7. வளைகுடாவிலிருந்து துரத்தும் கடன்

துபாயில் அட்டைக் கடனை விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டால் முடிந்தது என்றொரு எண்ணம் நம் ஊர்களில் நீண்ட நாள் இருந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் உரிமையியல் தீர்ப்புகளை, இங்குள்ள மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்ற வழி செய்யும் அறிவிக்கையை இந்திய அரசு 2020 ஜனவரி 17 அன்று வெளியிட்டது. அமீரக வங்கி அங்கே தீர்ப்பு வாங்கித் திருச்சியிலோ ராமநாதபுரத்திலோ நிறைவேற்று மனுப் போட இப்போது தடையில்லை. தப்பிக்கும் இடுக்கு ஒன்று உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருக்கிறது: வழக்கின் தகுதியை ஆராயாமல் அளித்த தீர்ப்பும், இயற்கை நீதிக்கு மாறான தீர்ப்பும் இங்கே செல்லாது. அங்கோ, பணமின்றித் திரும்பும் காசோலைக்குச் சிறை என்ற கடுமை 2022 ஜனவரியில் பெருமளவு தளர்ந்தது. இந்தியா அந்தத் திசையில் இன்னும் நகரவில்லை.

8. மஞ்சள் நோட்டீஸ்

எல்லா வழியும் அடைபட்டவனுக்குச் சட்டம் ஒரு வாசல் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் மஞ்சள் நோட்டீஸ், அல்லது ஐ.பி. கொடுப்பது. அந்தப் பெயரில் ஏளனமும் கலந்திருப்பதால் நேர்மையானவர்கள் அதன் பக்கம் போவதில்லை. நோட்டீஸ் கொடுத்தாலே கடன் கழிந்தது என்று நினைப்பதும் தவறு. சென்னைக்கு 1909ஆம் ஆண்டின் மாநகர நொடிப்புச் சட்டம். மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் சொத்து நீதிமன்ற அலுவலரின் கைக்குப் போகிறது. நடத்தையை ஆராய்ந்த பின்புதான் கடனிலிருந்து விடுவிப்பு. 500 ரூபாய்க் கடன் இருந்தால் மனுச் செய்யலாம் என்று நூறாண்டுக்கு முன் எழுதிய வரம்பு இன்றும் ஏட்டில் இருக்கிறது.

இவற்றை ஒழித்துப் புதிய முறையைக் கொண்டுவரவே நொடிப்பு மற்றும் திவால் சட்டம், 2016 இயற்றப்பட்டது. பெருநிறுவனங்களுக்கான பகுதி அதே ஆண்டு நடப்புக்கு வந்தது. பல ஆயிரம் கோடிக் கடன்களில் பெரும்பங்கு தள்ளுபடியாகித் தீர்வாவதை நாளிதழில் படிக்கிறோம். தனிநபருக்கான மூன்றாம் பகுதியோ, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் திறக்கப்பட்டது. அட்டைக் கடனாளிக்கு அது இன்னும் மூடியே கிடக்கிறது. திறந்தாலும், அதிலுள்ள ‘புதுத் தொடக்கம்’ என்னும் வழி ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய்க்கு மேற்படாத, சொந்த வீடில்லாத ஒருவருக்கு மட்டுமே. அவ்வளவு வருமானம் உள்ளவருக்கு எந்த வங்கியும் அட்டை தராது.

வரம்புகளை நடப்பு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி மூன்றாம் பகுதியை ஒன்றிய அரசு நடப்புக்குக் கொண்டுவர வேண்டும். 60ஆம் பிரிவின் சம்பள விலக்கை வங்கியின் ஈடுசெய் உரிமைக்கும் பொருத்த வேண்டும். அதுவரை, வசூல்காரரின் மிரட்டல் கடிதத்தையும் நீதிமன்றச் சம்மனையும் பிரித்தறியுங்கள். சம்மன் வந்தால் வாய்தா தவறாமல் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானமுடையோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாகவே அமர்த்தித் தருகிறது. அதன் அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.